இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

காலை பத்தே கால் மணிக்குள் கோமதிநாயகம் நாலாயிரத்து முந்நூறு பக்கங்களுக்குச் சீட்டுக் கிழித்திருந்தார். அவற்றில் ஒன்றைக்கூட அவர் படித்திருக்கவில்லை. படிக்கக் கூடாது என்பதுதான் உத்தியோக விதி.

ஏடு என்கிற மின்பலகையில் ஒரு பக்கத்தின் மேல் யாராவது கண்ணை ஓட்டினால் அது ஒரு வாசிப்பு. எட்டு வருடம் ஒரு வாசிப்பும் விழாத பக்கம் உதிர்ப்புப் பட்டியலுக்கு வரும். உதிர்ப்பு அலுவலரே அதைப் படித்துத் தொலைத்தால் எட்டு வருடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துவிடும், வேலை நடக்காது. அதனால் அலுவலர் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஏட்டின் விளிம்பில் மூன்று நொடி வைக்க வேண்டும். கண் மூடியிருக்கிறதா, விரல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏடு பக்கத்தை அழித்துவிடும். பிறகு இதமான பெண் குரலில், "நன்றி, ஐயா" என்று சொல்லும். மனைவி போன பிறகு கோமதிநாயகத்தோடு மரியாதையாகப் பேசுகிற குரல் அது ஒன்றுதான்.

அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அச்சகங்கள் மூடப்பட்டு, உலகத்தில் எழுதப்பட்டதெல்லாம் ஏட்டுக்குள் கொட்டப்பட்ட காலத்தில் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டால் பதினோரு லட்சம் பதில் வந்தது. தேடிக்கொண்டிருக்கும்போதே நோயாளிகள் செத்தார்கள். அப்போது சின்ன குமாஸ்தாவாக இருந்த கோமதிநாயகம்தான், யாரும் படிக்காதது யாருக்கும் வேண்டாதது என்று துணிந்து சொன்னவர். உதிர்ப்பு வந்தது. அரை நொடியில் பதில் கிடைத்தது, சாவு குறைந்தது. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உதிர்ந்த இடம் தெரியாதபடி பக்க எண்களை மாற்றிவிடுவதும் அவர் யோசனைதான். நடுவில் பல் போன வாய் மாதிரி இருந்தால் வாசகருக்கு உறுத்தும் என்று எழுதிக் கொடுத்தார்.

அன்றைய பட்டியல் முடிந்த கையோடு அவர் மார்புக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

பத்தொன்பது வருடமாக அங்கே ஒரு துடிப்பி இருந்தது. அவருடைய சொந்த இதயம் தறிகெட்டு ஓடியதால் அதை அடக்கி நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்று கட்டிப்போட வைத்த கருவி. மாடி ஏறினாலும் எழுபது, மேலதிகாரி திட்டினாலும் எழுபது. மனைவியின் பிணத்தருகே நின்றபோதும் எழுபதுதான். 'கல்நெஞ்சக்காரன், ஒரு படபடப்புகூட இல்லை பார்' என்று மைத்துனர்கள் காதுபடவே பேசினார்கள். கருவியைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது. கீச்சென்றால் மின்கலம் இன்னும் ஆறு மணி நேரம்தான் என்று அர்த்தம். நாலே காலுக்குள் கருவியை மாற்றியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரிஸ்வானா சிரித்த முகத்தோடு வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும்.

"பயப்படாதீங்க சார், இருபது நிமிஷ வேலை. கரத்துக்கு உத்தரவு போட்டாச்சு. மூணரைக்கு ஆரம்பிச்சா மூணு அம்பதுக்கெல்லாம் புதுசு மாட்டியிருக்கும்."

கண்ணாடிக் கூண்டுக்குள் அறுவை செய்யும் இயந்திரக் கரம் மடங்கிக் கிடந்தது. ஏட்டில் இருப்பதைப் படித்து அதன்படி அறுக்கும், தைக்கும். கூண்டு மூடினால் மனிதக் கை உள்ளே போக முடியாது.

"உங்களோடது ரொம்பப் பழைய மாடல் சார். நிலைத்துடி ஏழு. நான் பேர்கூடக் கேள்விப்பட்டதில்லை. நல்ல வேளை, கையேடு ஏட்டுல இருக்கு."

நிலைத்துடி ஏழு. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கோமதிநாயகம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். தன் நெஞ்சுக்குள் இருப்பதன் பெயரை அவர் அதுவரை கேட்டுவைத்துக்கொண்டதே இல்லை. கையேடு ஏட்டில் இருக்கிறதே, எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டவர். ஆனால் அந்தப் பெயரை ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால், விசாரணையில், எஸ்தர் பாக்கியத்தின் வாயிலிருந்து.

பாளையங்கோட்டையில் 'பக்கங்காப்போர் சங்கம்' என்று ஒன்று இருந்தது. ஓய்வு பெற்ற நாற்பது பேர் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, உதிரப்போகிற பக்கங்களாகத் தேடிப் படிப்பார்கள். நின்றுபோன டிராக்டரின் உறுப்புப் பட்டியல், ஆளில்லாத ஊரின் சாக்கடை வரைபடம், எதுவானாலும் சரி. படித்தால் அதற்கு இன்னும் எட்டு வருடம் ஆயுசு. கோமதிநாயகத்தின் அரை நொடி இவர்களால் ஒரு நொடி ஆயிற்று. அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்காகவே, படிப்பவரின் அக்கறையை அளக்கும் நாட்டமானியைக் கொண்டுவந்தார். ஏட்டின் விளிம்பில் விரல் வைத்துத்தான் இனிமேல் படிக்க வேண்டும். படிக்கும்போது நாடி கொஞ்சமாவது ஏறினால் அது வாசிப்பு. ஏறாவிட்டால், 'நாட்டமில்லா வாசிப்பு, செல்லாது.' ஏட்டைப் பிடிக்கும் கை வழியாக நாடி ஏற்கெனவே பல வருடமாக அதில் பதிவாகிக்கொண்டிருந்ததால் பழைய வாசிப்புகளையும் சலித்து எடுத்துவிட்டார்கள். சங்கத்தின் தலைவி எஸ்தர் மேல்தான் முதல் வழக்கு.

"எஸ்தரம்மா, இந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பதினோரு தடவை படிச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட நாடி ஏறலை. வாசிச்சீங்களா, இல்ல பூ தொடுத்தீங்களா?" என்று கேட்டார் கோமதிநாயகம். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எஸ்தர் சிரிக்கவில்லை. "மனப்பாடமாத் தெரிஞ்ச பக்கத்தப் படிக்கயில எதுக்கு அய்யா படபடக்கும்? இருவத்தாறு வருசம் ஆஸ்பத்திரியில இந்தக் கருவியத்தான் மாட்டுனேன், கழத்துனேன். நிலைத்துடி ஏழு. அதுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. அதத் தெறக்காம கழத்துனா மின்சாரத்த அடிச்சு ஆளயே முடிச்சிரும். அந்தப் பூட்டு விசயம் இந்த ஒரு பக்கத்துலதான் இருக்கு."

"எத்தனை பேர் நெஞ்சுல இருக்கு அது?"

"ஒரு அம்பது பேரு இன்னும் உசுரோட இருப்பாவ."

"ஐம்பது பேருக்காக எட்டுக் கோடிப் பேர் காத்துக்கிடக்கணுமா?"

எஸ்தர் பையிலிருந்து ஒரு காகிதப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதே கையேடு, அச்சில். கோமதிநாயகம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உடனே தும்மல் வந்தது.

"இதுல ஒரு சொல்லைத் தேடணும்னா முந்நூறு பக்கம் புரட்டணும். அதுக்குள்ள நோயாளி போய்ச் சேர்ந்திருவான். தப்பா அச்சடிச்சிட்டா நூறு வருஷத்துக்கும் அது தப்புதான். ஏட்டுல ஒரே நாள்ல திருத்திடலாம், திருத்தினது எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திரும். கரையான் தின்னும், மழையில ஊறும். ஒரு ஊர்ல இருக்கிறது இன்னொரு ஊர்ல இருக்காது. இதுல என்னம்மா பெருசாக் கண்டீங்க?"

"நீங்க சொல்லுதது அம்புட்டும் சரிதான் அய்யா," என்றாள் எஸ்தர். "எங்க வீட்டுலயே பாதி அலமாரியக் கரையான் தின்னுட்டு. ஆனா நான் படிக்கலன்னு காகிதம் கோவிச்சுக்கிட்டுப் போயிராது. நீ மனசாரப் படிச்சியான்னும் எங்கிட்டக் கேக்காது. அது பாட்டுக்கு இருக்கும்."

அழகாகத்தான் சொன்னாள். ஆனால் தீர்ப்பு அதற்கு முந்தின நாளே எழுதியாகிவிட்டது. பதினோரு வாசிப்பும் செல்லாது. கள்ள வாசிப்புக்காக எஸ்தருக்கு ஐந்து வருடம் ஏட்டைத் தொடத் தடை. அடுத்த வாரமே கோமதிநாயகம் கண்ணை மூடி, விரலை வைத்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை உதிர்த்தார். சாட்சியமாக வைத்த காகிதப் புத்தகத்தைப் படம் பிடித்து ஏட்டில் ஏற்றினார்கள். அந்தப் படத்தையும் யாரும் பார்க்கவில்லை. சாட்சியப் படங்களுக்குக் கெடு நாற்பது நாள்தான், அதுவும் உதிர்ந்தது. புத்தகம் கூழாகி முட்டை அட்டையாகப் போனது.

"டாக்டர், அதுல ஒரு பக்கம் இல்லை," என்றார் கோமதிநாயகம்.

ரிஸ்வானா ஏட்டைத் திருப்பிக் காட்டினாள். "இருநூத்திப் பதினொண்ணு, தோலைத் திறப்பது. இருநூத்திப் பன்னெண்டு, கருவியை எடுப்பது. நடுவுல ஒண்ணும் விடுபடலையே சார்?"

"நம்பரை மாத்தினதே நான்தாம்மா."

அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் கரம் தோலைத் திறந்திருக்கும், கருவியைப் பிடுங்கியிருக்கும், இருபதாவது நிமிடத்தில் அவர் பிணம். ஏட்டின்படி எல்லாம் சரியாக நடந்ததாகவே அவளும் எழுதியிருப்பாள்.

"உத்தரவை ரத்து பண்ணிடுறேன்."

"பண்ணினா? நாலே காலுக்கு மின்கலம் தீர்ந்திடும். அப்பவும் அதே கதிதான்."

"நானே அறுக்கிறேன்னு வைங்க..." என்று ஆரம்பித்து, அவளே நிறுத்திக்கொண்டாள். "நான் கத்தியே பிடிச்சதில்லை சார். எங்க செட்ல யாருமே பிடிச்சதில்லை."

எஸ்தருக்கு ஆள் போயிற்று. இரண்டரை மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவர் எதிர்பார்த்த வசவு வரவில்லை, குத்தல் பேச்சும் வரவில்லை. கட்டிலருகே வந்து அவர் மார்பைத்தான் முதலில் பார்த்தாள்.

"உங்களுக்கும் இதுதானா? அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லப்படாதா அய்யா?"

"எனக்கே தெரியாதும்மா," என்றார். வெட்கமாக இருந்தது. "அந்தப் பக்கம் ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? தோலத் தெறந்த பெறவு காந்தத்தக் கீழ் முனையில வச்சு ஒம்பது எண்ணணும். பெறவு மேல் முனையில நாலு. மறுபடி கீழ ஒம்பது. பூட்டு தெறந்திரும். நானே செஞ்சிருவேன். ஆனா கையப் பாருங்க." நீட்டிய விரல்கள் நடுங்கின. அவளுக்கு எழுபத்தாறு வயது.

ஒரு வழி இருந்தது. புதிய பக்கத்தை ஏட்டில் ஏற்றுவதற்கு 'அவசர ஏற்பு' என்று ஒரு விதி. ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் ஆட்களை வைத்தே பக்கங்களைப் படித்து ஏற்றிக்கொள்கிறார்கள் என்று புகார் வந்தபோது, கோமதிநாயகம் அதையும் இறுக்கி வைத்திருந்தார்: யார் உடம்போ அவர் கண். மருத்துவர் படித்தால் செல்லாது, உறவினர் படித்தால் செல்லாது. யாருடைய உடம்பில் கத்தி படுமோ அவரே நாட்டத்தோடு படிக்க வேண்டும். மூன்று வாய்ப்பு.

"அவ்வளவுதானே?" ரிஸ்வானாவுக்கு மூச்சு வந்தது. "இந்தப் பக்கத்துல உங்களைவிட நாட்டம் யாருக்கு சார் இருக்கப் போகுது?"

எஸ்தர் சொல்லச் சொல்ல ரிஸ்வானா எழுதினாள். மொத்தம் பதினாறு வரி. அவரைக் கூண்டுக்குள் படுக்க வைத்து ஏட்டைக் கையில் கொடுத்தார்கள். எந்த ஏட்டில் விரல் வைத்தாலும் அது விரலுக்குரியவரின் ஏடாகிவிடும். மணி மூன்று பத்து. உதிர்ப்பு அலுவலருக்கு வாசிப்புத் தடை உண்டு என்பதால் கோமதிநாயகம் ஒரு பக்கத்தை முழுசாகப் படித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப்போல உதடு அசைய, ஒரு சொல் விடாமல் படித்தார். கீழ் முனை, ஒன்பது. மேல் முனை, நாலு. உலகத்தில் எதையும் அவர் இவ்வளவு ஆசையோடு படித்ததில்லை.

"நாடி எழுபது," என்றது இதமான குரல். "நாட்டமில்லா வாசிப்பு. செல்லாது."

"ஏதோ தப்பு சார். இன்னொரு தடவை," என்றாள் ரிஸ்வானா.

இரண்டாம் முறை உரக்கப் படித்தார். குரல் உடைந்தது, நெற்றியில் வியர்வை வழிந்தது. நாடி எழுபது. செல்லாது.

எஸ்தருக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரிஸ்வானாவுக்கு. கடைசியாக அவருக்கு. இருபத்தாறு வருடம் கருவி மாட்டியவளுக்கே அந்த அவசரத்தில் தோன்றாமல் போயிற்றே என்று அவளைக் குறை சொல்ல முடியாது; நாட்டமானியைப் பிறப்பித்தவருக்கே தோன்றவில்லை. அந்த இதயம் ஏற முடியாது. ஏறக் கூடாது என்றுதான் துடிப்பி அதைக் கட்டிப்போட்டிருந்தது.

"எங்கிட்ட விதியை மாத்துற அதிகாரம் இருக்கு," என்றார் அவசரமாக. "போன் போடுங்க."

"எத்தன நாளாவும் அய்யா?"

"பதினஞ்சு வேலை நாள்."

மூன்று இருபத்தெட்டு. நோயாளி கூண்டுக்குள் படுத்த பிறகு உத்தரவை ரத்து செய்ய முடியாது; கூண்டின் கதவு இறங்கத் தொடங்கியது. "படிங்க அய்யா! செத்துருவீய, படிங்க!" என்று எஸ்தர் கண்ணாடியைத் தட்டிக் கத்தினாள். பயமுறுத்தியாவது ஏற்றிவிடலாம் என்று பார்த்தாள் பாவம். அவர் படித்தார். கண்ணீர் ஏட்டின் மேல் சொட்டியது. ஏடு அதைத் துடைத்துக்கொண்டது.

"நாடி எழுபது. நாட்டமில்லா வாசிப்பு. செல்லாது."

வெளியே எஸ்தர் அழுதுகொண்டிருந்தாள். "உங்க மனசு எனக்குத் தெரியுது அய்யா," என்று அவள் சொன்னது கண்ணாடி வழியாக மங்கலாகக் கேட்டது. மனைவியின் பிணத்தருகே நின்றபோது யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று அவர் ஏங்கியது நினைவுக்கு வந்தது. கோமதிநாயகம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஏடு தன் வேலையைப் பார்த்தது. மூன்று வாய்ப்பிலும் நாட்டம் பெறாத புதிய பக்கம் எட்டு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, உடனே பட்டியலுக்குப் போகும். பட்டியலை உரிய அலுவலரிடம் காட்ட வேண்டும். உரிய அலுவலர் எதிரிலேயே இருந்தார். அவர் கண் மூடியிருந்தது. கட்டைவிரல் விளிம்பில்தான் இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"நன்றி, ஐயா," என்றது குரல். கரம் மெல்ல நிமிர்ந்து இருநூற்றுப் பதினோராம் பக்கத்தை ஆரம்பித்தது.