வெங்கடேஸ்வரியின் பேக்கப்

பாஸ்வேர்டைக் கேட்காமலேயே அந்த பேக்கப் திறந்துகொண்டது. கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். அப்படித்தான் நாராயணி எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு மாடியில் இருந்த அந்தச் சின்ன ஆபீசில் அவளைத் தவிர ஆளில்லை. கீழே தறிகள் எல்லாம் நின்றிருக்க, துணி வெளுக்கும் மருந்தின் நெடி மட்டும் படியேறி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. நம்ம கோளாறாகத்தான் இருக்கும் என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

பழுதான போன்களில் இருந்து படங்களையும் செய்திகளையும் மீட்டுத் தரும் மென்பொருள் அவர்களுடையது. பேக்கப் எடுக்க, பூட்டைத் திறக்க, வேறொரு போனில் ஏற்ற என்று அதற்குக் கட்டளைகள் எழுதுவது நாராயணியின் வேலை. சோதித்துப் பார்க்க நிஜமான பேக்கப் ஒன்று வேண்டுமல்லவா? போன வருஷம் செத்துப்போன வெங்கடேஸ்வரியுடையது வாகாக அமைந்தது. அவள் புருஷன் பாண்டிதுரை போனைக் கொண்டுவந்து, "படத்தை மட்டும் எடுத்துக் குடுங்கம்மா. பொறவு மிச்சத்தை அம்புட்டையும் அழிச்சிருங்க" என்று கெஞ்சியிருந்தார். அழித்தாயிற்று என்று நாராயணி கூசாமல் சொன்னாள். பதினோரு நாள் முட்டி மோதித் திறந்த பூட்டு. அதை விட மனசு வருமா? எட்டு மாதமாகத் தினம் நாற்பது தடவை அதைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

முதலாளி பாலகணேஷ் போனில் கத்தினார். "நாளைக்குக் காலையில பார்ட்டி வாராங்க. ஓடலைன்னா நீ வீட்டோட ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருந்துக்கோ. பஸ் ஏறி வர வேண்டாம்."

வைத்துவிட்டார். நாராயணி தன் போனைச் சார்ஜுக்காகக் கம்ப்யூட்டரிலேயே மறுபடி செருகிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றும் கட்டளையைத் தட்டினாள். எந்தப் போனில் ஏற்ற வேண்டும் என்று பெயர் சொல்ல வேண்டும். கோபத்தில் மறந்துபோனாள். பெயர் சொல்லாவிட்டால், செருகியிருக்கும் போனைத் துடைத்துவிட்டு அதில் ஏற்றிவிடும்.

இருபது நிமிஷம் பிடிக்கிற வேலை. ஒரு நொடியில் முடிந்தது. அவள் போன் இருண்டு, வெளிச்சமானது. திரையில் அய்யனார் கோவில் ஓடைத் தண்ணீருக்குள் ஈரத்தலையோடு வெங்கடேஸ்வரி நின்றுகொண்டிருந்தாள்.

நாராயணி தன் படங்களைத் தேடினாள். மகன் ப்ரஹலாத் பிறந்ததில் இருந்து ஐந்து வருஷத்துப் படங்கள். அவன் பேசிய முதல் வார்த்தை. எல்லாம் போச்சு. ஊருக்கெல்லாம் பேக்கப் எழுதுகிறவள் தன் போனுக்கு ஒன்று எடுத்து வைத்ததில்லை. மேஜையில் கவிழ்ந்து அழுதாள்.

நிமிர்ந்தபோது போனில் ஒரு குறிப்பு திறந்திருந்தது. இன்றைய தேதி. மூன்று மணி பத்து நிமிஷம்.

"ஏட்டி, தெனம் நாப்பது தடவை என்னையத் தொறந்து தொறந்து மூடுறியே. உன்னையத் தொறந்தா எப்பிடி இருக்கும்னு பாக்கட்டா?"

வெளுப்பு நெடி கூடியது. கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் தாமாக விழுந்தன.

பேக்கப் எடு. எங்கிருந்து: நாராயணி. எடுத்தபின்: அழி.

கோப்புகளின் பெயர்கள் ஓடத் தொடங்கின. 'பத்தாம் வகுப்பு, மழையில் நனைந்த சைக்கிள்.' அப்படியொரு சைக்கிள் இருந்தது. என்ன நிறம்? நிறம் வரவில்லை. செத்த நேரத்தில் சைக்கிளும் இல்லை. 'அம்மா தலைவாரிய விடியற்காலை.' அம்மாவின் கை. கை மட்டும். பிறகு அதுவும் இல்லை. 'சம்பத்குமார், மணவறையில்.' யார் சம்பத்குமார்?

கேபிளைப் பிடுங்கினாள். ஓடியது. மெயின் சுவிட்சை அணைத்தாள். விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. இருண்ட திரையில் எழுத்துகள் ஓடின.

'ப்ரஹலாத்.'

"வேண்டாம். அவனை விட்டுடு. கெஞ்சிக் கேக்கறேன், அவனை மட்டும் விட்டுடு!" காதைப் பொத்திக்கொண்டு அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். ப்ரஹலாத். ப்ரஹலாத். ப்ரஹ. ப்ர.

என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்?

போன் அடித்தது. வீடியோ கால். கை தானாக எடுத்தது. நெற்றியில் ஒற்றைக் கோடு இழுத்த ஒரு சின்னப் பையன் திரை முழுக்க முகத்தைக் காட்டினான்.

"அம்மா, எப்போ வருவே?"

யார் வீட்டுப் பிள்ளை இது? மனசில் ஒன்றும் அசையவில்லை. திரையின் மூலையில், தன் முகம் தெரிய வேண்டிய கட்டத்தில், ஈரத்தலையோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். தான் சிரிக்கவில்லை என்று நாராயணிக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் தொண்டை மட்டும் தானாக அசைந்து பேசியது.

"இந்தா வாரேன் ராசா. பஸ் ஏறிட்டா வந்துருவேன்."

பையன் குதித்தான். உதட்டைக் குவித்துக்கொண்டு திரையில் முத்தம் வைக்க வந்தான்.

மூலைக் கட்டத்தில் இருந்தவள் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.