பத்தாவது பாட்டு

பல் டாக்டரின் கிளினிக்குக் கீழே ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அந்த மகானைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மேலே டாக்டர் பல்லைக் குடைந்தால் கீழே மைக்கில் கேட்கும். அதனால் அவர் சாப்பிடப் போகிற மதிய நேரம், ஒன்றிலிருந்து மூன்று வரைதான் அங்கே பதிவு நடக்கும்.

அன்றைக்கும் ஒரு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே பாடகர் படியிறங்கி வந்தார். ஜன்னல் இல்லாத இடம். வெளியே கொளுத்துகிற வெயில் கதவோடு நின்றுவிடும். உள்ளே ஈரக் கம்பள வாடையும், சூடான ஒயர் வாடையும்தான். அவருடைய இசைக்குழுவில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். பெரியவர் என்று ஒருவர் இருந்தால் சின்னவன் என்று ஒருவன் இருக்க வேண்டுமே. இருந்தான். கூடப்பிறந்த தம்பி. பதினெட்டு வருஷம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து ட்ரம்ஸ் வாசித்தவன்.

ஏழு வாரத்துக்கு முன்னால், புது ஆல்பத்தில் ஒன்பது பாட்டு முடிந்து பத்தாவது மட்டும் பாக்கி இருந்தபோது, "உனக்குத் தாளம் நிக்கலடா. இழுக்குற. கிளம்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சின்னவன் குச்சிகளைக் கீழே வைத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போனான். வீடு போய்ச் சேரவில்லை.

அதற்கப்புறம் குழு குழுவாக இல்லை. கிட்டார்க்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு குழுவுக்குத் தாவினார். கீபோர்டுக்காரர் முதுகுவலி என்றார். அட்டைப்படத்துக்கான போட்டோவை மூன்று தடவை எடுத்தாகிவிட்டது. மூன்றிலும் இருந்த ஒரே முகம் பெரியவருடையது, அதுவும் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் இந்த ஆல்பத்தை முடித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். முடிக்காமல் விட்டால், தம்பியைத் துரத்தியது வெறும் துரத்தலாகப் போய்விடும். அந்த நினைப்பில் அவருக்குத் தூக்கமே போய்விட்டது.

இதற்கிடையில் ஒரு காரியம் செய்திருந்தார். ஒன்பது பாட்டிலிருந்தும் தம்பியின் ட்ரம்ஸை அழிக்கச் சொன்னார். அதைக் கேட்கவே முடியவில்லை அவரால். கிட்டார், பேஸ் கிட்டார் எல்லாம் அப்படியே இருக்கட்டும், வேறு ஆளை வைத்து ட்ரம்ஸை மட்டும் வாசித்துச் சேர்த்துவிடலாம் என்பது கணக்கு. அங்கேதான் புத்தி பிசகியது. மற்றவர்கள் எல்லாரும் சின்னவன் கையைப் பார்த்துத்தான் வாசித்திருந்தார்கள். அவன் இழுத்த இடத்தில் அவர்களும் இழுத்தார்கள். அவனை எடுத்த பிறகு, ஒவ்வொரு பாட்டிலும் அவன் அளவுக்கு ஒரு பள்ளம் கிடந்தது.

அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் புது ட்ரம்மர் வந்தாள். இசைப்பள்ளியில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறவள். தன் ட்ரம்ஸைத் தன் வண்டியிலேயே ஏற்றி வந்தாள். நாலே நாளில் ஒன்பது பாட்டையும் முடித்தாள். எப்படி முடிந்தது என்று பதிவு செய்கிற இன்ஜினியருக்கே ஆச்சரியம். அவளிடம் முன்பிருந்தவனைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

அன்றைக்குப் பத்தாவது பாட்டுக்கு உட்காரும் முன் அவள் கேட்டாள்.

"சார், ஹெட்போன்ல எண்ணிக் குடுக்குறது யாரு?"

"எண்ணிக் குடுக்குறதா?"

"ஒவ்வொரு பாட்டுக்கும் ஒன்னு, ரெண்டு, மூணு, நாலுன்னு மெதுவா சொல்றாரே. எங்க நிக்கணும், எங்க இழுக்கணும்னுகூடச் சொல்றாரு. அவர் சொல்லப் போய்த்தான் வாசிச்சேன். இன்ஜினியர் சார்தானே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியரின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஒன்னும் பேசலம்மா."

"பாட்டு முடிஞ்சதும் ஒன்னு கேப்பாரு."

"என்னன்னு?" என்றார் பெரியவர்.

"'அண்ணா, சரியா இருக்கா?'ன்னு."



அவள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குச்சிகளைப் பையில் போட்டாள். "தப்பா நெனக்காதீங்க சார். அந்த எடத்துல ஏற்கனவே ஆள் இருக்கு." அதற்கு மேல் அவளை யாரும் தடுக்கவில்லை. இன்ஜினியரே ட்ரம்ஸைத் தூக்கிப் போய் வண்டியில் வைத்துவிட்டு வந்தார். ட்ரம்ஸ் இருந்த இடத்தில் வெறும் கம்பளமும், அதைச் சுற்றி மைக் ஸ்டாண்டுகளும்தான் மிச்சம்.

"ஓட விடுங்க," என்றார் பெரியவர். "கிட்டாரும் குரலும் போதும். இந்தப் பாட்டுக்கு ட்ரம்ஸே வேணாம்."

"சார், இன்னைக்கு விட்டுடலாமே..."

"ஓட விடுங்கன்னேன்."

கிட்டாரை மாட்டிக்கொண்டு, ஹெட்போனைப் போட்டார். சுவரில் ஒட்டிய பஞ்சு எல்லாச் சத்தத்தையும் தின்றுவிடும். தன் இதயம் அடிப்பதுதான் அவருக்குக் கேட்டது.

பிறகு காதுக்குள், தொண்டையைச் செருமும் சத்தம்.

ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு.

அவர் பாட ஆரம்பித்தார். பாடாமல் இருக்க முடியவில்லை. கூடவே ட்ரம்ஸ் வந்தது. முதலில் காலால் மிதிக்கும் பெரிய ட்ரம், பின்னால் மற்றதெல்லாம். ட்ரம்ஸ் இருந்த பக்கம் பார்த்தார். வெறும் கம்பளம். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் சத்தத்தை அளக்கும் முட்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்.

எங்கே இழுக்கப் போகிறான் என்று பெரியவர் காத்திருந்தார்.

இழுக்கவே இல்லை.

கடிகாரம் மாதிரி வாசித்தான். முடி அளவுகூடப் பிசகவில்லை. இந்த ஏழு வாரமும் இவன் சாதகம் பண்ணியிருக்கிறான் என்று தோன்றியபோது, பயத்தையும் மீறி அழுகை முட்டியது. இழுத்தா இழுத்துக்கோடா, யார் கேட்டா, என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாய் பாட்டைத்தான் பாடியது.

பாட்டு முடிந்தது.

"அண்ணா, சரியா இருக்கா?"

பதினெட்டு வருஷத்தில் அவர் அவனிடம் அதிகபட்சம் சொன்னது 'பரவாயில்ல'. அதற்கே அவன் அன்று முழுக்கச் சிரித்த முகமாகத் திரிவான்.

"சரியா இருக்குடா," என்றார். கண்ணீர் வாய்க்குள் போனது. "ரொம்ப நல்லா இருக்கு. உன்ன மாதிரி ஒருத்தனாலயும் வாசிக்க முடியாது. போதும்டா. நீ போ."

போய்விட்டான் என்றே நினைத்தார்.

"சும்மா சொல்லாதண்ணா."

குரலில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

இன்ஜினியர் ட்ரம்ஸ் மைக்குகளின் ஒயர்களைச் சுவரிலிருந்து ஒட்டுமொத்தமாகப் பிடுங்கினார். கொத்தாகக் கையில் பிடித்தபடி, "சார், வெளிய வாங்க, கதவு தொறந்துதான் இருக்கு," என்று கத்தினார். பெரியவர் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

ஒன்னு.

இப்போது அறைக்குள்ளேயே கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எந்த ஒயரும் இல்லாத முட்கள் மெல்ல எழும்பின.

ரெண்டு.

கதவு நாலே எட்டு வைக்கிற தூரம். அந்தப் பக்கம் வெயில், தெரு, மனிதர்கள். போனால் இவன் இங்கே தனியாக உட்கார்ந்திருப்பான், மறுபடியும்.

மூணு.

பெரியவர் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வெறும் கம்பளத்தைப் பார்த்து நின்றுகொண்டார். நாலு என்று கேட்டதும் பாட ஆரம்பித்தார்.