தண்ணீர் குடித்த பாறை

ஜெஸீமாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. படுத்திருக்கும் யானை போல என்று சொல்லலாம். ஆனால் எந்த யானையும் அவ்வளவு பெரிதாக இருக்காது. திகனையில் யாரிடம் வழி கேட்டாலும் அந்த வீட்டைக் 'கல்லு வீடு' என்றுதான் காட்டுவார்கள்.

போன மழையில் அந்தப் பாறை ஒரு முழம் கீழே இறங்கிவிட்டது. இப்போது சமைக்கும் குசினியின் கூரைக்கு மேலே, சரிவில், ஏதோ யோசித்துக்கொண்டிருப்பது போல நின்றது. இன்னொரு பெரிய மழை பெய்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெருநாள் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிலிமத்தலாவைக்கு வந்துவிடுங்கள் என்று வாப்பா மட்டும் சொல்லியிருந்தார். அவருடைய கடை அங்கேதான். வாரத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார்.

அங்கே போனால் கடைக்கு மேலே உள்ள ஓர் அறையில்தான் இருக்க வேண்டும். அதில் எப்போதும் வெங்காய வாசம். அங்கே கொய்யா மரம் இல்லை, ஓடை இல்லை, ஆட்டுக்குட்டியைக் கட்ட இடமும் இல்லை. அதை நினைத்தாலே ஜெஸீமாவுக்கு அழுகை வந்தது.

அது நோன்பு மாதம். ஜெஸீமா அந்த வருடம்தான் முதன்முதலாக நோன்பு பிடிக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள், உச்சி வெயிலில், வாசலில் ஓர் ஆணும் பெண்ணும் வந்து நின்றார்கள். ஆணின் தோளில் ஒரு சாக்கு. அவர் அதைக் கீழே வைத்தபோது உள்ளே இரும்புகள் கிணுகிணுத்தன.

அந்நிய ஆண்கள் வந்தால் உம்மா வெளியே வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். பேச்செல்லாம் ஜெஸீமா வழியாகத்தான் போய்வரும். அன்று அப்படி நடந்து நடந்தே அவளுக்குப் பசி இரண்டு மடங்கானது.

வந்தவர்கள் பொன்னையாவும் அவருடைய மனைவி வீரம்மாவும். ஹேவாஹெட்டவில் ஒரு தோட்டத்தில் ரோட்டுக்குக் கல் உடைத்தவர்கள். தேயிலை விலை விழுந்ததும் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். அதனால் ஊர் ஊராக வேலை கேட்டுப் போகிறார்களாம்.

"யாரு எவரெண்டு தெரியாதவங்கள எப்பிடி மகள் வேலைக்கி வெக்கிற?" என்றார் உம்மா, கதவுக்குப் பின்னால். "புல்லு வெட்ட வந்தவன் புல்லோட சேத்து நம்மட செப்புக் குடத்தையும் கொண்டுபோனது மறந்து போச்சா? வாப்பா ஊட்டுல இல்ல, வேலையும் இல்லெண்டு செல்லு."

ஜெஸீமா சொன்னாள். பொன்னையா தலையசைத்துவிட்டுச் சாக்கைத் தூக்கினார். வீரம்மா ஒரு கணம் வாசலையே பார்த்தார்.

"வேல இல்லாட்டி போவுது," என்று அவர் கணவனிடம் மெதுவாகச் சொன்னது ஜெஸீமாவின் காதில் விழுந்தது. "வெயில்ல வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கூட கேக்கல பாத்தீங்களா? நம்ம தொட்டா தீட்டுன்னு நெனைக்கிற வீடு போல. வாங்க, போவோம்."

ஜெஸீமாவின் முகம் சுட்டது.

கல்லு வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தண்ணீர்தான். தபால்காரருக்கும் தண்ணீர், ஆடு வாங்க வருகிறவருக்கும் தண்ணீர். ஆனால் நோன்பு மாதத்தில், பகலில், வாசல் குடம் கவிழ்ந்தே கிடக்கும். வீட்டில் யாரும் குடிக்காததால், வந்தவர்களுக்குத் தாகம் இருக்கும் என்பதே எல்லாருக்கும் மறந்து போயிருந்தது.

அவள் கிணற்றடிக்கு ஓடினாள். விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் பித்தளைச் செம்பை நிரப்பிக்கொண்டு, தளும்பத் தளும்ப வாசல் படலைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, நில்லுங்க. எங்களுக்கு இது நோன்பு. பகல்ல ஒண்ணும் குடிக்கமாட்டோம். அதாலதான் மறந்து போச்சி. தீட்டெல்லாம் இல்ல."

வீரம்மா செம்பை இரண்டு கையாலும் வாங்கினார். வாயில் படாமல் குடிப்பதற்காக உயரத் தூக்கினார். "வாய வெச்சே குடிங்க அக்கா," என்றாள் ஜெஸீமா. வீரம்மா அவளைப் பார்த்தார். பிறகு செம்பில் வாய் வைத்துக் குடித்தார்.

"நீயும் காலையிலேருந்து குடிக்கலியா, பாப்பா? இத்தனூண்டு புள்ள," என்று அவர் வியந்தார்.

பொன்னையா அதற்குள் பாறையைப் பார்த்துவிட்டார். ஜெஸீமாவிடம் கேட்டுக்கொண்டு சரிவில் ஏறினார். பாறையில் காதை வைத்தார், அடியில் கையை விட்டுத் துழாவினார். இறங்கி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"வேல குடுக்காட்டியும் பரவால்ல, பாப்பா. அம்மாகிட்ட சொல்லு. மழை வந்தா குசினியில யாரும் இருக்க வேணாம். அடியில மண்ணு கரைஞ்சிருச்சு."

ஜெஸீமா கதவுக்குப் பின்னால் போனாள்.

"உம்மா, வேலையில்லெண்டு செல்லியும் அவங்க நம்மட உசுரப் பத்தித்தான் செல்றாங்க. களவெடுக்க வந்தவங்க ஊட்டுக்குள்ளதானே பாப்பாங்க? கல்லயா பாப்பாங்க?"

அந்தக் கல்லை அவர்களால் உடைக்க முடியுமா என்று கேட்கச் சொன்னார் உம்மா. வெடி வைப்பார்களா என்றும் கேட்கச் சொன்னார். வெடி வைத்தால் கல்லுக்கு முந்தி வீடு போய்விடும் என்பது அவர் பயம். வெடி வேண்டாம், மர ஆப்பும் தண்ணீரும் போதும் என்று பதில் வந்தது. கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தண்ணியால கல்ல ஒடக்கிறதா? அப்ப சர்பத் ஊத்தினா மலையே ஒடயும்."

ஆனாலும் அன்று மாலை வண்டி நிறுத்தும் மால் கொட்டகையில் அவர்களுக்குப் பாய் விரிக்கப்பட்டது. வாப்பா வந்ததும் உம்மாவே எல்லாவற்றையும் சொல்லிச் சம்மதம் வாங்கினார்.

முதலில் பாறைக்குக் கீழே பெரிய கட்டைகளையும் கற்களையும் அடுக்கி முட்டுக் கொடுத்தார்கள். பிறகு துளை போடத் தொடங்கினார்கள். வீரம்மா உளியைப் பிடித்து அடிக்கு அடி திருப்ப, பொன்னையா தலைக்கு மேலே சம்மட்டியைத் தூக்கி ஓங்கி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஜெஸீமா கண்ணை மூடிக்கொண்டாள். வீரம்மாவின் கண் இமைக்கவே இல்லை.

சில நாட்களில் பாறையின் முதுகில் குறுக்கே ஒரு வரிசை துளைகள் வந்தன. ஒரு காலையில் அவற்றில் காய்ந்த மர ஆப்புகளை இறுக்கி அடித்தார் பொன்னையா.

"இனி ஒன் வேலதான், பாப்பா. ஆப்பு காயக் கூடாது. நனைஞ்சா மரம் ஊதிக் கல்லப் பொளக்கும். ஊத்திக்கிட்டே இரு."

ஜெஸீமா பித்தளைச் செம்பால் ஊற்றினாள். கிணற்றுக்கும் பாறைக்கும் நடந்தாள். மறுபடி ஊற்றினாள். ஆப்புகள் சத்தமில்லாமல் குடித்தன. குளிர்ந்த தண்ணீர் அவள் விரல்களில் வழிந்தது. அவள் தொண்டையோ உமி போலக் காய்ந்திருந்தது. ஒரு தடவை செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் தெரிந்த அவள் முகம் அவளை முறைத்தது. உடனே ஊற்றிவிட்டாள்.

பகல் போயிற்று. பாறை அசையவில்லை. கிழக்கே மலைகளுக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. "கல்லுக்கு இன்னும் தாகம் தீரல்லயா?" என்று குசினி ஜன்னலுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் கேட்டது. இந்தத் தடவை அதில் சிரிப்பில்லை.

ஜெஸீமா பாறையில் காதை வைத்தாள். ஆழத்தில் எங்கோ ஏதோ கிரீச்சிட்டது. பாறை மூச்சு விடுவது போல இருந்தது.

"எல்லாரும் தள்ளி வாங்க," என்றார் பொன்னையா.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில்லை, காகம் கரையவில்லை. பிறகு, வானத்தையே கிழித்தது போல ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான். துளைக்குத் துளை கோடு ஓடியது. எத்தனையோ காலம் ஒன்றாக இருந்த பாறை இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி மெல்லச் சரிந்து, முட்டுக் கட்டைகள்மேல் வந்து உட்கார்ந்தது. அப்படியே நின்றுவிட்டது. குசினிக் கூரையில் ஓர் ஓடுகூட அசையவில்லை. இனி அதைத் துண்டு துண்டாக்கி இறக்குவதுதான் பாக்கி; வீட்டைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை.

பிளந்த இடம் வெள்ளையாக மின்னியது. உலகம் உண்டான நாளிலிருந்து யாரும் பார்க்காத இடம் அது. ஜெஸீமாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

திரும்பிப் பார்த்தால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உம்மா முற்றத்திலேயே நின்றார். கதவு அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. "அல்லாஹ்," என்று மட்டும் சொன்னார்.

பள்ளிவாசலிலிருந்து பாங்கோசை கேட்டது. நோன்பு திறக்கும் நேரம். ஆனால் ஜெஸீமா அசையவில்லை. அவள் கையில் வெறும் செம்பு.

வீரம்மாதான் அதை வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் நிரப்பினார். பாதி வழியில் நின்று, தயங்கி, உம்மாவைப் பார்த்தார்.

"குடுங்க தங்கச்சி," என்றார் உம்மா. "ஒங்கட கையாலயே குடுங்க."

"கல்லு குடிச்சு முடிச்சிருச்சு, பாப்பா. இனி நீ குடி," என்றார் வீரம்மா.

ஜெஸீமா அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னாள். பாறையைப் பார்த்துக்கொண்டே, செம்பில் வாய் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.