கடைசியாக வருகிறவன்

அவள் கணுக்காலைப் பிடித்திருந்த விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பெருவிரல் ஒரு பக்கமாகவும் மற்ற நான்கும் மறுபக்கமாகவும் சுற்றிவந்து, குதிகாலுக்கு மேலே நரம்பின்மீது சந்தித்தன. அவள் தையல்காரி. பதினாறு வருடமாக அளவெடுத்துப் பழகிய உடம்பு, கேட்காமலே கணக்குப் போட்டது. தன் கணுக்காலின் சுற்றளவு ஒன்பது அங்குலம். பின்னால் தவழ்ந்து வரும் மகனுக்கு ஏழு வயது. கையை எவ்வளவு விரித்தாலும் அவன் சாண் ஐந்தரை அங்குலத்தைத் தாண்டாது.

திரும்பிப் பார்க்க வழியில்லை. குகையின் முதல் கூடத்துக்கும் இரண்டாவது கூடத்துக்கும் நடுவே இருந்த அந்தப் பொந்தில் முழங்கையை மடக்கக்கூட இடம் பத்தாது. வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். முன்னால் மகள், அவளுக்கும் முன்னால் கணவன். அவன் தலைவிளக்கின் வெளிச்சம் இரண்டு உடம்புகளைத் தாண்டி அவளிடம் வரும்போது, ஈரப் பாறையில் ஒரு மினுக்கலாக மட்டுமே மிஞ்சியது.

கணவன் தீயணைப்பு வீரன். காலைப் பிடிப்பது அவன் சொல்லிக்கொடுத்த முறை. புகைக்குள் போகும்போது முன்னால் போகிறவன் காலைப் பின்னால் வருகிறவன் பிடித்துக்கொள்வான். ஒருமுறை அழுத்தினால் இருக்கிறேன் என்று பொருள். இரண்டுமுறை அழுத்தினால் நில். வாயைத் திறக்கக்கூடாது. முந்தைய வாரம் முழுக்க வீட்டில் பிள்ளைகள் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கும் கட்டிலுக்கும் அடியில் இதையே விளையாடினார்கள். எதிலும் தாவிக் குதித்து ‘தவளை’ என்று பேர் வாங்கிய சின்னவன், இதில் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அடிபிசகாமல் தவழ்ந்தான்.

நான்கு மாதமாகச் சரியாகப் பேசிக்கொள்ளாத புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளுக்காகப் போட்ட பயணம் அது. மூன்று நாள் விடுப்பு, ஆற்றங்கரையில் கூடாரம். அன்று காலையிலேயே ஸ்டவ் பற்றாததற்கு ஒரு சண்டை ஆகியிருந்தது. பொந்தின் வாயில், கடைசியாக வருகிறவன்தான் எல்லாருக்கும் காவல் என்று அப்பா சொன்னதும் தவளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். சின்னப் பிள்ளையைக் கடைசியில் விடலாமா என்று கேட்க வாயெடுத்தாள். மறுபடியும் பிள்ளைகள் முன்னால் ஒரு சண்டையா என்று விழுங்கிவிட்டாள்.

“தவளை, பின்னாடி இருக்கியாடா?”

ஒரு அழுத்தம்.

“வாயைத் திறந்து சொல்லு. அப்பா திட்ட மாட்டாரு.”

ஒரு அழுத்தம். முன்னைப் போலவே. அதே அளவு பலம்.

கை சில்லென்று இருந்தது. நுழையும்போது அது சூடாக, பிஸ்கட் தின்ற பிசுபிசுப்போடு இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நடுவில் ஒருமுறை விட்டுப்போய்த் திரும்பவும் பிடித்தது. எப்போது என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். முன்னால் கணவனின் பெல்ட் கொக்கி பாறையில் உரசியது. மகள் மூக்கை உறிஞ்சினாள். எங்கோ நீர் சொட்டியது. பின்னால் மட்டும் எதுவும் உரசவில்லை. அவள் நகர்ந்தபோது அந்தக் கையும் கூடவே வந்தது. சட்டை தேயவில்லை, முழங்கால் இடிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை.

“என்னங்க,” என்றாள். “இது தவளை கை மாதிரி இல்லங்க.”

“ஆமா, தையக்காரிக்கு எதுக்கும் ஒரு டேப்பு வேணும்,” என்றான் அவன். மகள் சிரித்தாள். “இன்னும் பத்தடிதான். பேசாம வா.”

அப்போதுதான் கேட்டது. வெகு பின்னால். அவர்கள் நுழைந்த வாயிலுக்குப் பக்கத்திலிருந்து.

“அம்மா… உன் காலு கிடைக்கலம்மா.”

அழுகை இல்லை. விளையாட்டில் தப்பு செய்துவிட்டவனின் குரல்.

கணுக்காலில் இரண்டுமுறை அழுத்தம்.

நில்.

அவள் உதைத்தாள். மறுகாலின் குதியால். எலும்பா, கல்லா, தெரியவில்லை. மறுபடியும் உதைத்தாள். பிடி விட்டது. பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. மகளின் காலைத் தள்ளினாள். முன்னால் போனாள். கத்திக்கொண்டே முன்னால் போனாள்.

இரண்டாவது கூடத்தில் விழுந்து, உளறி, கையை நீட்டிக் காட்டினாள். கணவன் தலையை முதலில் நுழைத்துப் பொந்துக்குள் பாய்ந்தான். மகளைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரத்துக்குப் பிறகு மறுபக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது. மகனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பதினோரு நாள் தேடினார்கள். கணவனுடைய தீயணைப்பு நிலையத்து ஆட்களே வந்தார்கள். மோப்ப நாய் முதல் கூடத்தோடு நின்று, இழுத்தும் நகர மறுத்தது. பொந்தின் நடுவே பக்கவாட்டில் ஒரு விரிசல் இருந்தது. அதில் கேமராவைக் கயிறு கட்டி விட்டார்கள். நாற்பதடிக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பையன் அதற்குள் சறுக்கி விழுந்திருக்கலாம் என்று அதிகாரி எழுதிக்கொண்டார். விரல்களைப் பற்றி அவள் சொன்னதை அவர் எழுதவில்லை.

கணவன் அவளிடம் ஒரே ஒருமுறைதான் பேசினான். ஆறாவது நாள், கூடாரத்தின் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டே, நிமிராமல்.

“புள்ள உன் காலத்தான் புடிச்சிருந்தான். நீ உதைச்சே. விழுந்துட்டான்.”

“அவன் குரல் பின்னாலேர்ந்து வந்துச்சு. நீங்களும்தானே கேட்டீங்க.”

“எனக்கு உன் குரல்தான் கேட்டுச்சு. கத்திக்கிட்டே இருந்தே.”

அவள் உதைத்தது உண்மை. முன்னால் போனதும் உண்மை.

பன்னிரண்டாம் நாள் மதியம் பொந்தை அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கொத்தனார் கிட்டத்தட்ட முழுவதும் கல் வைத்து முடித்துவிட்டு, கலவை பத்தாமல் வெளியே குழைக்கப் போனார். ஒரு கல் அளவுக்கு இடைவெளி மிச்சமிருந்தது. கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டாள். யாரும் தடுக்கவில்லை. ஈரக் கலவையில் கன்னம் படும்படி முகத்தைச் சாய்த்தாள். கணவன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

உள்ளிருந்து காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு மணம். அதற்கு அடியில், மிக லேசாக, பிஸ்கட்.

“அம்மா.”

விளக்கு ஆடியது. இந்தமுறை கணவனுக்கும் கேட்டிருந்தது.

“அம்மா, உன் காலு இன்னும் கிடைக்கலம்மா.”

இங்கே இருக்கிறேன் என்று சொல்ல அவள் மூச்சை இழுத்தாள். சொல்வதற்குள் உள்ளிருந்து பதில் போய்விட்டது.

“இதோ இருக்கேன்டா செல்லம். கையை நீட்டு.”

அவள் குரல். காய்ச்சலில் கிடக்கும் மகனிடம் பேசும்போது மட்டும் வரும் குரல். கடைசி எழுத்தில் லேசாகக் கரகரக்கும் அதே குரல்.

பாறையில் சின்னக் கை தடவும் சத்தம்.

“கிடைச்சிடுச்சும்மா.” மகன் சிரித்தான். நிம்மதியான சிரிப்பு.

உரசல் தொடங்கியது. முன்னால் கனமாக ஒன்று. அதை ஒட்டிச் சின்னதாக, அடிபிசகாமல், இரண்டு முழங்கால். கல்லுக்கு அப்பாலிருந்து இறங்கி, அவர்கள் நின்ற தரைக்கு அடியில் வந்து, கடந்து, கீழே, இன்னும் கீழே போனது.

கொத்தனார் கலவைச் சட்டியோடு உள்ளே வந்தார். கணவன் அவரைப் பார்க்கவில்லை. விளக்கை மனைவியின் முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, இவ்வளவு நேரமும் திறக்காத அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.