ஆடு குட்டியான படம்

சனிக்கிழமை பின்னேரம் உடுப்பிட்டிச் சனசமூக நிலையத்தில் நடந்த கூட்டத்தில், கஜந்தினி எழுந்து நின்று ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள்.

“சிறுவர் விழாவுக்கு ‘பாய்மரச் சத்தியம்’ படத்தைப் போடலாம்.”

அங்கே இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. அவளுடைய வகுப்பில் படிக்கும் நிருஷன் சிரித்துக் குலுங்கியதில், அதே நீண்ட மர வாங்கின் மறுமுனையில் இருந்தவன் கீழே விழப் பார்த்தான்.

“உந்த ஆட்டுப் படமோ?” என்றான் நிருஷன். பிறகு கழுத்தை நீட்டி, “மே...” என்று கத்தினான்.

கஜந்தினிக்கு முகம் சூடேறியது. அவள் பதினொரு வயதுப் பிள்ளை. அவளுடைய அம்மா அருந்ததி ஓர் ஆஸ்பத்திரித் தாதி. வேலை மாற்றம் வந்ததால் இந்த வருடம்தான் புத்தூரிலிருந்து உடுப்பிட்டிக்கு வந்திருந்தார்கள். புது ஊரில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் இதுதான்.

“அது நல்ல படம். ஒல்லாந்தர் காலத்துக் கப்பல் கதை,” என்றாள்.

“பாத்தனியே?” என்று கேட்டார் நிலையத்தின் தலைவர் தியாகராசா மாமா.

“இல்லை. அம்மா பாத்தவ. கதை முழுக்கச் சொன்னவ.”

“நாங்கள் பாத்தனாங்கள் பிள்ளை.” தியாகராசா மாமா கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டார். இந்தப் பகிடியை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார் என்பது அந்தச் சாய்விலேயே தெரிந்தது. “கப்பலிலே பத்துப் பேர். பத்துப் பேருக்கும் உயிர் போற பசி. பக்கத்திலே கொழுத்த ஆடு ஒண்டு நிக்குது. ஒருத்தருக்கும் அதைக் கறி வைக்கத் தோன்றேல்லை. உதுதான் படம்.”

மறுபடியும் சிரிப்பு.

செயலாளர் கோபிசங்கர் அண்ணை கொப்பியில் எதையோ குறித்தார். நிலையத்துக் கணினி அவருடைய பொறுப்பு. “நல்ல காலம் ஞாபகப்படுத்தினாய் தங்கச்சி. கணினியிலே இடம் இல்லை. வாற சனிக்கிழமை விழாவுக்குப் புதுப் படம் ஏத்தவேணும். முதல் வேலையா உந்த ஆட்டுப் படத்தை அழிக்கிறன்.”

“அழிக்கிறதோ? வேறை எங்கையும் அந்தப் படம் இல்லை,” என்றாள் கஜந்தினி.

அது உண்மை. அம்மாவின் கைப்பேசியில் அவள் எத்தனையோ தரம் தேடியிருக்கிறாள். படத்தின் பெயர்கூட எங்கும் இல்லை. புத்தூரில் அம்மா ஒரே ஒரு முறை பார்த்தது. பிறகு எத்தனை இடப்பெயர்வு, எத்தனை வீடு. எஞ்சியிருப்பது இந்தக் கணினியில் உள்ள ஒரு பிரதி மட்டும்தான்.

“அழிக்கமுதல் ஒருக்கா நான் பாக்கலாமோ?”

“திங்கக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வா,” என்றார் கோபிசங்கர் அண்ணை. அவர் நல்ல மனிதர். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழையும்போதே நாலு மேசைகளிலிருந்து “மே...” என்று சத்தம் வந்தது. ஆசிரியை திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வாய்ப்பாடு படித்தார்கள். கஜந்தினி கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். மத்தியானத்துக்குள் பதினேழு கோடுகள் சேர்ந்தன.

பின்னேரம் நிலையத்துக்குப் போனாள். நிருஷனும் வந்து நின்றான்.

“நீ ஏன் வந்தனி?”

“நீ அழுறதைப் பாக்க.”

படம் தொடங்கியது. தொடங்கியதுமே கஜந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மா சொன்ன கதை இப்படித் தொடங்காது.

நடுக்கடல். பாய் கிழிந்த ஒரு சின்னக் கப்பல். தளத்தில் வாடிப்போன மனிதர்கள். அவர்களுக்கு நடுவில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் ஒரு சாண் கொம்பும் உள்ள ஓர் ஆடு. இவர்கள் யார், எங்கே போகிறார்கள், ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? படம் ஒன்றுமே சொல்லவில்லை.

“பாத்தியோ, நான் சொன்னன்,” என்றான் நிருஷன்.

“பொறு.”

அவள் கொப்பியை எடுத்தாள். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். கப்பலின் தலைவரை ‘தண்டல்’ என்று கூப்பிடுகிறார்கள். தண்டலின் இடது காதில் பெரிய தழும்பு. ஒல்லாந்தரின் போர்க்கப்பல் துரத்துகிறது. எல்லாம் குறித்தாள். ஒரு மணித்தியாலம் பத்து நிமிடத்தில் திரை சில நொடிகள் கறுத்துப்போனது. பிறகு பார்த்தால், பாய் கிழியாத புதுக் கப்பல். தழும்பில்லாத காது. அதே வெள்ளைச் சுட்டியோடு, கையில் அடங்குகிற ஓர் ஆட்டுக்குட்டி.

நிருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஆடு தேஞ்சு போச்சு. விசர்ப் படம்.”

கஜந்தினி சிரிக்கவில்லை. பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா அப்போதுதான் கடமை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, படம் எப்பிடித் தொடங்கும்?”

“எத்தினை தரம் சொன்னனான். ஊரிலே பஞ்சம். ஒல்லாந்தர் கடலை மறிச்சு வைச்சிருக்கிறாங்கள். தண்டல் அரிசி கொண்டுவரப் போறார். கரையிலே ஒரு சின்னப்பிள்ளை தன்ரை ஆட்டுக்குட்டியைக் குடுத்து, ‘இதைத் திருப்பிக் கொண்டுவந்து தாங்கோ’ எண்டு கேக்குது. குட்டி திரும்பி வந்தால் தண்டலும் வருவார், அரிசியும் வரும் எண்டு அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை. குட்டியைத் திருப்பித் தருவன், ஊருக்கு வாற அரிசியிலே ஒரு மணியும் தொடமாட்டம் எண்டு தண்டல் பாய்மரத்திலே கை வைச்சுச் சத்தியம் பண்ணுறார்.”

“அதாலைதான் அவை ஆட்டைச் சாப்பிடேல்லை.”

“பின்னை?”

“அம்மா, நீங்கள் எங்கை பாத்தனீங்கள்?”

“புத்தூரிலை. எனக்குப் பத்து வயது. அப்ப கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் ஊத்தி ஜெனரேற்றர் போட்டு, வீடியோ டெக்கிலே படம் காட்டினவை. படம் ரெண்டு கசற். வாடகைக்கு ஒரே ஒரு சோடிதான் கிடைச்சுது. அதுக்குப் புத்தூரும் அடிபட்டது, உடுப்பிட்டியும் அடிபட்டது. கடைசியிலே ஆளுக்கு ஒரு கசற். முடிஞ்ச பிறகு சைக்கிளிலே கொண்டுபோய், ரெண்டு ஊருக்கும் நடுவிலே இருக்கிற வல்லைப் பாலத்திலே வைச்சு மாத்தினவை. நாங்கள் ரெண்டாவது கசற் வருமட்டும் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனாங்கள்.”

கஜந்தினி எழுந்துவிட்டாள்.

“உங்களுக்கு முதல் கசற் வந்துதெண்டால், உடுப்பிட்டிக்கு?”

அம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் அவர் அதை யோசித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை கஜந்தினி கடிதம் எழுதினாள். முதலில் ஒற்றைத்தாளில் எழுதிப் பார்த்து, பிழை திருத்தி, பிறகு நல்ல தாளில் எழுதினாள்.

“தலைவர் அவர்களுக்கு,

‘பாய்மரச் சத்தியம்’ படத்தை அழிக்க வேண்டாம் என்று கேட்டு இதை எழுதுகிறேன். காரணங்கள்:

ஒன்று. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஆட்டுக்கு ஒரு சாண் கொம்பு. ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகும்போது அதே ஆடு குட்டி. ஆடு வளரும். தேயாது.

இரண்டு. தண்டலின் காதில் முதலில் தழும்பு இருக்கிறது. பிறகுதான் அந்தக் காதில் வெட்டு விழுகிறது.

மூன்று. புத்தூருக்கு முதலாவது கசற் போனது. ஆகவே உடுப்பிட்டிக்கு வந்தது இரண்டாவது கசற்.

எங்கள் ஊர் ஒரு நல்ல படத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, முப்பது வருடமாக அந்தப் படத்தையே பழிக்கிறது. இது அநியாயம். படம் வாய் திறந்து பதில் சொல்லாது என்பதற்காக எதையும் சொல்லலாமா?

இப்படிக்கு,
கஜந்தினி, தரம் ஆறு.”

புதன்கிழமை பின்னேரம் தியாகராசா மாமா நிலையத்தில் தனியாகப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கஜந்தினி கடிதத்தைக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முதல் பந்தியில் புன்னகைத்தார். மூன்றாவது காரணத்தில் புன்னகை நின்றுவிட்டது.

“இதை வேறை ஆருக்கும் காட்டினனியே?”

“இல்லை. தலைவருக்கு எண்டுதானே எழுதினனான்.”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அண்டைக்கு முதல் கசற் ஆருக்கு எண்டு சீட்டுக் குலுக்கினது நான்தான் பிள்ளை. தோத்துப்போனன். ரெண்டாவது கசற்றோடை வந்து, புத்தூருக்குத்தான் முதல் கசற் எண்டு இஞ்சை ஆரிட்டைச் சொல்லுறது? ஊர் முழுக்கப் பாய் விரிச்சு இருக்கு. ஜெனரேற்றரிலே இருக்கிற எண்ணெய் ஒரு படத்துக்குத்தான் காணும். நான் கதைக்காமல் போட்டிட்டன்.”

“பேர் போட்டிருக்குமே?”

“ரெண்டாவதிலே பேர் இல்லை. ‘முற்றும்’ வரமுதல் டெக்கை நிப்பாட்டினன். முதலாவது வந்தோன்ன பேர் வாற இடத்தைத் தாண்டி ஓடவிட்டன்.”

“பிறகு?”

“சனம் படத்தைப் பாத்துச் சிரிச்சுது. என்னைப் பாத்துச் சிரிக்கேல்லை. அப்ப நானும் சேந்து சிரிச்சன். அண்டைக்குப் போட்டபடியே ஒரு கசற்றிலே பதிஞ்சு வைச்சிருந்ததைத்தான் பிறகு கணினிக்கும் ஏத்தினன். நேராக்கினால், ஏன் மாத்தினனி எண்டு கேப்பாங்கள்.”

கஜந்தினியின் இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின.

“அந்தப் படம் உங்களுக்கு என்ன செய்தது?”

“ஒண்டும் செய்யேல்லை.”

“அப்ப ஏன் பழியை அதுக்கு மேலே போட்டனீங்கள்? அவை பசி கிடந்து சத்தியத்தைக் காப்பாத்தினவை. நீங்கள் அவைக்குக் கறி வைக்கத் தெரியாது எண்டு சொல்லுறியள். அதுவும் முப்பது வருசமாய்.”

தலைவர் பத்திரிகையை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். அது கடைசியில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையை வெளியே சொன்னால் நாளைக்கு ஊரே தியாகராசா மாமாவைப் பார்த்து “மே...” என்று கத்தும். கஜந்தினி அதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினேழு கோடுகளும் ஞாபகம் வந்தன. அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“ஆர் மாத்தினது எண்டு நான் சொல்லமாட்டன்,” என்றாள். “ஆனா படத்தை அழிக்கக் கூடாது. சனிக்கிழமை அதைத்தான் போடவேணும். நடுவிலே, கறுப்பு வாற இடத்திலேயிருந்து தொடங்கிப் போட்டு, முடிஞ்சோன்ன முன்னுக்குப் போனால் சரி.”

“ஓம்,” என்றார் அவர். கடிதத்தை மட்டும் கசங்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். “எங்கள் ஊர் எண்டு எழுதியிருக்கிறாய்.”

“இப்ப இதுதானே எங்கடை ஊர். அதாலைதான் கோவம் வருது.”

சனிக்கிழமை நாலு மணிக்கு நிலையம் நிறைந்துவிட்டது. அறிவிப்புப் பலகையில் படத்தின் பெயரைப் பார்த்த பிள்ளைகள் வாசலிலிருந்தே “மே...” என்று கத்திக்கொண்டு வந்தார்கள். அம்மாவும் வந்து பின்னால் ஒரு வாங்கில் இருந்தார்.

தியாகராசா மாமா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

“இந்தப் படத்தை அந்த நாளையிலே ரெண்டாவது கசற்றை முதல் போட்டுக் காட்டினது நான். பிழை விட்டது படம் இல்லை. இண்டைக்கு நேராப் பாப்பம்.”

“அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை,” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“சொல்லியிருப்பன். ஜெனரேற்றர் சத்தத்திலே உனக்குக் கேட்டிருக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை படத்தைப் பார்த்து இல்லை. கஜந்தினி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தலைவர் தானாகவே சொல்லுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

படம் தொடங்கியது. கரையில் நின்ற சின்னப்பிள்ளை ஆட்டுக்குட்டியை நீட்டியது. தண்டல் பாய்மரத்தில் கை வைத்தார். பிள்ளைகள் கச்சான் கோதை உடைப்பது மெல்லமெல்லக் குறைந்தது. புயல் வந்தது. பாய் கிழிந்தது. தண்டலின் காதில் வெட்டு விழுந்தது. குட்டிக்குக் கொம்பு முளைத்தது. ஆட்டை அறுப்போம் என்று ஒரு மாலுமி கத்தியை எடுத்தபோது, “விசரே, வையடா கத்தியை,” என்று முன்வரிசையில் ஒரு சின்னவன் சொன்னான்.

பிறகு அந்த இடம் வந்தது.

இருட்டுக் கடல். கப்பலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள். ஒரேயொரு லாந்தரை மட்டும் கட்டுமரத்தில் கட்டி, பாறைப் பக்கமாக மிதக்க விட்டார்கள். அந்த வெளிச்சத்தைக் கப்பல் என்று நம்பி ஒல்லாந்தர் அதன் பின்னால் போக வேண்டும். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது. பெரிய போர்க்கப்பல் பக்கத்தில், மிகப் பக்கத்தில் வந்தது. ஆடு தலையைத் தூக்கியது. வாயைத் திறந்தது.

அதைக் கடலில் தள்ளச் சொல்லி மாலுமிகள் கையைக் காட்டினார்கள். தண்டல் மடியை அவிழ்த்தார். தன் பங்கில் நாலு நாளாகச் சாப்பிடாமல் வைத்திருந்த கடைசிப் பிடி அரிசியை எடுத்து, ஆட்டின் வாய்க்கு நேரே பிடித்தார்.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. கஜந்தினிக்குப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. நிருஷன் இரண்டு கைகளாலும் வாங்கைப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“கத்தாதை... கத்தாதை... தயவு செய்து கத்தாதை...”

ஆடு கத்தவில்லை. போர்க்கப்பல் லாந்தருக்குப் பின்னால் போய்ப் பாறையில் ஏறியது. அரிசி கரைக்கு வந்தது. கொம்பு முளைத்த ஆட்டைப் பார்த்து அந்தச் சின்னப்பிள்ளை முதலில் அடையாளம் தெரியாமல் நின்றது. பிறகு நெற்றிச் சுட்டியைத் தொட்டுப் பார்த்தது. ‘முற்றும்’ என்ற எழுத்து இந்த முறையும் வரவில்லை. அதைத்தான் தியாகராசா மாமா அன்றைக்கே வெட்டிவிட்டாரே. அதனால் படம் முடிந்தது தெரியாமல் எல்லோரும் இன்னும் கொஞ்ச நேரம் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை கஜந்தினி வகுப்புக்குள் நுழைந்தாள். விழாவுக்கு வராத ஒருவன் பின்மேசையிலிருந்து, “மே...” என்றான்.

அவள் திரும்புவதற்கு முன்பே நிருஷன் எழுந்துவிட்டான். இரண்டு கைகளும் இடுப்பில் இருந்தன. முகம் சிவந்திருந்தது.

“டேய், நீ முதல் பாகம் பாத்தனியே? பாக்கேல்லை எல்லோ? அப்ப வாயை மூடு.”

கஜந்தினி தன் இடத்தில் போய் இருந்தாள். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து, அந்தப் பதினேழு கோடுகளையும் ஒவ்வொன்றாக அழிறப்பரால் அழித்தாள்.