இங்கே கிடார் வரும்

சுண்டுவின் அப்பா பாத்திரம் கழுவும்போது பாடுவார். எப்போதும் ஒரே பாட்டு, அதுவும் முக்கால் பாட்டு. முதல் நான்கு வரிகள் அமர்க்களமாகப் போகும். பிறகு சட்டென்று நிறுத்தி, சோப்பு நுரையோடு ஒரு விரலை உயர்த்துவார்.

"இங்க கிடார் வரும்" என்பார்.

கிடார் வராது. குழாயில் தண்ணீர்தான் வரும். அப்பா கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

"அந்த இடத்தையும் பாடேன்பா" என்று சுண்டு எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறாள்.

"அதை வாயால பாட முடியாதுடா கண்ணு. கிடாருக்குன்னே போட்டது."

சுண்டுவுக்குப் பத்து வயது. பத்து வருடமாக அந்தப் பாட்டில் அந்த இடம் அவளுக்குக் காலியாகவே இருக்கிறது.

அந்தக் கிடார் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவளுக்கு மனப்பாடம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய போட்டோவில், மீசை அரும்பிய அப்பா ஒரு எலக்ட்ரிக் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்பார். மாதுளம்பழ நிறம், ஒடுங்கிய இடுப்பு, சுற்றிலும் வெண்ணெய் நிறத்தில் ஒரு கோடு. ஒரு மழைநாளில் அது வேன் கூரையிலிருந்து விழுந்து நொறுங்கிவிட்டது. தப்பியது கழுத்து மட்டும். விரல் வைத்து வாசிக்கும் நீளமான பகுதிக்குத்தான் கழுத்து என்று பெயர்.

அதைத் தூக்கிப்போட அப்பாவுக்கு மனசு வரவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் மாட்டிவிட்டார். கம்பிகளை முறுக்கும் ஆறு திருகுகளில் இப்போது வீட்டுச் சாவி, குடை, சுண்டுவின் தொப்பி எல்லாம் தொங்குகின்றன. "சாவி கழுத்துல இருக்கு!" என்று அப்பா கத்தினால், புதிதாக வந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா வழக்கம்போல் விரலை உயர்த்தினார். தலை ஆடவில்லை.

"என்னப்பா?"

"அது எப்படி ஆரம்பிக்கும்னே ஞாபகம் வரமாட்டேங்குதுடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சுண்டுவுக்குப் பிடிக்கவே இல்லை. அப்பாவுக்கே மறந்துபோனால் அதை வேறு யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கிடார் அக்காவின் பட்டறைக்கு ஓடினாள். அடுத்த தெருவில் கிடார் செய்கிற அக்காவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அக்கா செய்வதெல்லாம் புது மாதிரி. ஒல்லியாக, தலையே இல்லாமல், வெளிர்நீலத்தில் இருக்கும். "பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி இருக்கு. கையில நிக்கமாட்டேங்குது" என்று அப்பா ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"அக்கா, எங்கப்பாவுக்குப் பழைய மாதிரி ஒரு கிடார் செஞ்சு தரீங்களா?"

"பழைய மாதிரியா? ஆளை விடு!" அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒருத்தர் செஞ்சு முடிச்சதை நான் எதுக்குத் திரும்பச் செய்யணும்? பரண்ல உப்புத்தாள் இருக்கு, எடுத்துட்டு வா."

சுண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பரண் முழுக்க அக்கா கெடுத்த மரங்கள். ஒவ்வொன்றிலும் என்ன தப்பு என்று சாக்கட்டியால் எழுதிவைப்பது அக்காவின் பழக்கம். 'அவசரம்' என்றது ஒன்று. 'போன் பேசிக்கொண்டே அறுத்தேன்' என்றது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் பின்னால், தூசிக்குள், ஒரு ஒடுங்கிய இடுப்பு தெரிந்தது.

சுண்டு சட்டை முனையால் துடைத்தாள். மாதுளம்பழ நிறம். வெண்ணெய்க் கோடு. பக்கத்தில் ஒரு ஒல்லிக் கழுத்து தனியாகக் கழன்று கிடந்தது. மேலே மங்கலாக 'கழுத்து ஆடுகிறது' என்று எழுதியிருந்தது.

"அக்கா! இது நீங்க செஞ்சதா?"

அக்கா இப்போது நிமிர்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் செஞ்ச முதல் கிடார் அது. ஒரு பழைய கிடாரை அளந்து உடம்பை வெட்டினேன். கழுத்தை மட்டும் இந்தக் காலத்து அளவுல ஒல்லியா செதுக்கித் தொலைச்சேன். கேட்டவர் கையில கொடுத்தேன், கழுத்து ஆடுற பல் மாதிரி ஆடுது. அவர் கூட்டத்துக்கு முன்னால சிரிச்ச சிரிப்பு இருக்கே... அதோட பழைய மாதிரியைத் தொடவே இல்லை."

சுண்டுவுக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, வீட்டு வாசலில் தொங்கும் தொப்பியும் நினைவுக்கு வந்தது.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். கழுத்து உட்காரும் பள்ளத்தின் அகலத்துக்குத் தாளை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள். குடையை ஒதுக்கிவிட்டுச் சுவரிலிருந்த கழுத்தின் அடியில் வைத்துப் பார்த்தாள். மயிரிழைகூடப் பிசகவில்லை!

மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "அக்கா, எங்கப்பாவோட பழைய கிடார் கழுத்து இதுல அப்படியே உட்காரும். நீங்க எதையும் திரும்பச் செய்ய வேண்டாம். பாதியில நிக்கிறதை முடிச்சுக் கொடுத்தா போதும்."

அக்கா அந்தத் தாளைத் தானும் ஒருமுறை பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "உங்கப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

அப்பா வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர் என்பதால் எதையும் கிட்டே வைத்துப் பார்த்துத்தான் பழக்கம். அன்று தள்ளியே நின்றார். பிறகு உள்ளங்கையால் அந்த இடுப்பைத் தடவினார்.

"இதேதான்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அம்மாதான் ஒரு சிக்கலைக் கிளப்பினாள். "எல்லாம் சரி, நாளையிலேர்ந்து சாவியை எங்க மாட்டுறது?"

"அக்காவோட ஒல்லிக் கழுத்து சும்மாதானே கிடக்கு? அதை மாட்டிக்கலாம்மா!" என்றாள் சுண்டு. அம்மா சிரித்துக்கொண்டே சாவியையும் குடையையும் கழுத்திலிருந்து கழற்றினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அப்பாவே தன் சின்னத் திருப்புளியால் கடைசித் திருகை இறுக்கினார். அக்கா கழுத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. உடலில் இருந்த சாக்கட்டி எழுத்தைக் கட்டைவிரலால் தானே அழித்தார்.

அப்பா பாட ஆரம்பித்தார். நான்காவது வரி முடிந்ததும் விரல்கள் எங்கேயோ போய்த் தடுமாறின.

"மறந்துடுச்சு" என்றார் அப்பா.

"முதல்லேர்ந்து பாடுப்பா. நாங்க எங்கேயும் போகலை."

இரண்டாவது தடவையும் தடுமாறியது. மூன்றாவது தடவை அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வரி, இரண்டு, மூன்று, நான்கு. பாட்டு நின்றது.

சுண்டு தன்னையறியாமல் ஒரு விரலை உயர்த்தினாள்.

கிடார் வந்தது.