கோயமுத்தூரில் ஒரு நாற்காலி கூடுதல்

பல் துலக்கிவிட்டு வந்ததும் வழக்கம்போலப் போனில் தூத்துக்குடியைக் கூப்பிட்டேன்.

“ஏனுங்க தூத்துக்குடி, எந்திரிச்சாச்சா?”

“எந்திச்சு அடுப்புல பாலும் வச்சாச்சு. கோயமுத்தூர்தான் இன்னைக்கு லேட்டு” என்றார் அவர்.

“லேட்டெல்லாம் இல்லீங்க. உங்க ஊர்ச் சூரியனுக்கு அவசரம் சாஸ்தி.”

பிறகு வேலைக்கு வந்தோம். அவரைக்காய் அங்கே கிடைக்கவில்லை, ஆகவே இங்கேயும் வேண்டாம். கத்தரிக்காய் இரண்டு ஊரிலும் உண்டு. மதியம் ரசம், மாலையில் பேருந்தில் கடைவீதிக்குப் போய் நடந்தே திரும்புவது. அவர் என்ன சமைக்கிறாரோ அதையே நானும் சமைக்க வேண்டும், நான் எவ்வளவு நடக்கிறேனோ அவ்வளவு அவரும் நடக்க வேண்டும். கேட்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். இதற்குத்தான் எங்கள் இருவருக்கும் துலா வாரியம் சம்பளம் கொடுத்தது.

முன்பெல்லாம் எந்த ஊரில் வாழச் செலவு அதிகம் என்பதை இயந்திரங்களே சொல்லின. தக்காளி விலை, வாடகை, பேருந்துக் கட்டணம் என்று கூட்டிக் கழித்து, விலை மலிவான ஊர்க்காரர்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். அந்த ஊரில் குடிநீர் உப்புக் கரிக்கிறது, வெயிலில் வாசலுக்கு வர முடியவில்லை, வயதானவர்களுக்குப் பேச்சுத்துணை இல்லை என்பதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஜனங்கள் தெருவுக்கு வந்து சண்டை போட்ட பிறகுதான், ஊரை அளக்க மனிதரை வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்படி வந்தவர்கள்தான் துலாக்காரர்கள். வயது, உடல்நலம் எல்லாம் ஒத்துப்போகிற தனியாட்களாகப் பார்த்து, ஊருக்கு ஒருவரை எடுத்து, இருவரையும் ஒரே மாதிரி வாழவைப்பார்கள். மணிக்கட்டில் நிறைவுமானி என்றொரு பட்டை இருக்கும். நாங்கள் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறோம் என்பதை அது நாடித்துடிப்பிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் கணக்கிட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். வாழ்க்கை ஒன்றுதான், ஊர் மட்டும் வேறு. அதனால் எந்த வித்தியாசம் வந்தாலும் அது ஊருடைய வித்தியாசம். அதை வைத்து, வாழக் கஷ்டமான ஊர்க்காரர்களின் சம்பளத்தோடு ஊர்ப்படி என்று ஒரு கூடுதல் தொகை போடுவார்கள்.

எங்கள் வீடுகளின் உள்பக்கத்தைக்கூட வாரியம் ஒன்றாக்கிவிட்டது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அடுப்புக்கு வலப்பக்கம் கரண்டிகள். வெளியே போனால் பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கும் பழக்கம் உட்பட எல்லாம் ஒன்று. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பேர் தெரிந்திருந்தும், ஏனோ ஆரம்பத்திலிருந்தே ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டோம்.

சேர்ந்த முதல் நாள் அவர் கேட்டார், “மீன் சாப்பிடுவீயளா?”

“நான் கவுச்சியே தொடறதில்லைங்க.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. “நல்லதாப் போச்சு. எனக்கும் மீனு ஒத்துக்காது. ஒடம்பெல்லாம் தடிச்சிரும்” என்றார். கடற்கரை ஊரில் பிறந்தும் இப்படி ஒரு ஆளா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அவருக்குக் காய்ச்சல் வந்தால், ஒன்றுமே இல்லாத நானும் போர்த்திக்கொண்டு படுப்பேன். மருந்து மட்டும் வேண்டாம் என்று சலுகை. என் அண்ணன் இறந்தபோது எனக்கு விடுப்பு கிடைத்தது, விதிப்படி அவருக்கும் கிடைத்தது. அடுப்புப் பற்றவைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் கூப்பிட்டு, “உங்க அண்ணன் பேரு என்ன? அவுக எப்படிப்பட்ட ஆளு? யாருக்குன்னு தெரியாம எப்படி உக்காந்திருக்க?” என்று கேட்டார். நான் சொன்னேன். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அவ்வளவு நேரம் கேட்கவில்லை. அன்றிலிருந்து காலையில் அவரைக் கூப்பிடுவதற்கென்றே கண் விழித்தேன்.

இந்தச் சந்தோஷம்தான் எங்களுக்கு வினையாகிவிட்டது.

மேற்பார்வையாளர் நவ்யஸ்ரீ நல்ல பெண். என் வீட்டுக்கு வந்து, இருந்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

“மேடம், உங்க இணையில வித்தியாசமே வர மாட்டேங்குது. அங்க தண்ணி உப்பு, வெயில் ஜாஸ்தி, காய் விலையும் ஜாஸ்தி. அவர் மானி உங்களுதைவிட கீழதான் இருக்கணும். ஆனா காலையில நீங்க பேசும்போது ரெண்டு பேருக்கும் ஒண்ணா ஏறுது. அப்புறம் நாள் முழுக்க எறங்கறதே இல்ல.”

“அதுல என்னங்க கெட்டுப்போச்சு?”

“தூத்துக்குடிக்கு ஊர்ப்படி குறையும் மேடம். செலவு கூடினாலும் அங்க நல்லாத்தான் இருக்காங்கன்னு கணக்கு சொல்லுதே.”

ஒரு மனிதர் சந்தோஷமாக இருப்பதற்கு ஒரு ஊரே சம்பளத்தை இழக்க வேண்டுமா? திங்கள்கிழமையிலிருந்து எனக்கு வேலூர், அவருக்கு ஓசூர் என்று இணையை மாற்றிவிட்டார்கள். இந்த வேலையில் இருக்கும்வரை பழைய இணையோடு பேசக் கூடாது. அவள் போனதும் அழுதேன். இந்த வயதில் என்ன அழுகை என்று என்னை நானே திட்டிக்கொண்டும் அழுதேன்.

கடைசி நாள் காலையில் கூப்பிட்டபோதும் காய்கறியைப் பற்றித்தான் பேசினோம். நாங்கள் பேசுவதெல்லாம் வாரியத்தில் பதிவாகும். வெண்டைக்காய் அங்கே முற்றலாக இருக்கிறது என்றார். அப்படியென்றால் புடலங்காய் வாங்கலாம் என்றேன்.

“அப்ப வைக்கட்டுமா, கோயமுத்தூர்?”

“வையுங்க.”

இருவரும் வைக்கவில்லை. அவர் வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் என் அடுப்பிலும் பால் வழிந்துகொண்டிருந்தது.

அன்று மதியமே வாரியத்துக்குப் போய் வேலையை விட்டேன். எங்களுக்குள் பேச வாரியம் தந்த போனையும் பட்டையையும் கொடுத்ததும் மணிக்கட்டு வெளுப்பாக, வேறு யாருடையதோ போல இருந்தது. மாதாமாதம் எங்கள் இருவருக்கும் வரும் பொருட்பெட்டியின் மேல் இரண்டு முகவரிகளும் இருக்கும், அதனால் அவர் வீடு எனக்குத் தெரியும். மறுநாள் காலை முதல் மிதவை ரயிலில் ஏறினேன். தண்டவாளத்தைத் தொடாமல் ஓடும் வண்டி அது. திண்டுக்கல்லைத் தாண்டும்போது எதிரே இன்னொரு வண்டி கண் சிமிட்டும் நேரத்தில் கடந்துபோனது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரிடம் முதலில் என்ன பேசுவது என்ற யோசனையில் இருந்தேன்.

தூத்துக்குடியில் அந்தத் தெருவைக் கண்டுபிடித்துப் போனால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பிரிசில்லா என்று பேர் சொன்னாள்.

“ஜெர்வின் அண்ணனத் தேடியா வந்திருக்கீய? அவுக வேலைய விட்டுட்டு இன்னைக்கு காலையிலயே கோயமுத்தூருக்குப் போயிட்டாவளே.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதைச் செய்தாலும் ஒன்றாகவே செய்து பழகிய புத்தி வேறு என்ன செய்யும்? நான் யார் என்று சொன்னதும் பிரிசில்லா ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்துவந்து கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே கால் வைத்ததும் என் கை தானாக விளக்கு சுவிட்சைத் தொட்டது. கட்டில், நாற்காலி, கரண்டி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் ஜன்னல் கம்பிகளை உப்பு தின்றிருந்தது. குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன், ஒரு மிடறுக்குமேல் இறங்கவில்லை. கொஞ்சம் கரிக்கும் என்றுதான் இத்தனை காலமும் அவர் சொல்லியிருந்தார். சமையலறையில் மேல்தட்டைப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வாயகன்ற மண்சட்டி ஒன்று கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் இருந்ததில் என் வீட்டில் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

“அது மீன்சட்டில்லா” என்றாள் பிரிசில்லா.

“அவருக்குத்தான் மீன் ஒத்துக்காதுங்களே.”

“யாருக்கு, அண்ணனுக்கா? மீன் கொழம்பு இல்லன்னா சாப்பாட்டுல கையே வைக்க மாட்டாவ. இந்த வேலைக்குப் போன பொறவுதான் தொடுறதில்ல. நான் குடுத்தாலும் வேண்டாம்னுருவாவ. எப்பவாச்சும் அந்தச் சட்டிய எறக்கிக் கழுவி, வெயில்ல காயவச்சு, திரும்ப மேல வச்சிருவாவ.”

நான் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிரிசில்லா தன் போனில் அவரைக் கூப்பிட்டு, “அண்ணே, இங்க ஒரு ஆள் ஒங்களப் பாக்க வந்திருக்காவ” என்று சொல்லி என்னிடம் நீட்டினாள்.

“கோயமுத்தூரா?” என்றார் அவர். குரலில் மூச்சு வாங்கியது. “நான் இப்ப ஒங்க வீட்டுலதான் நிக்கேன். பக்கத்து வீட்டுல சாவி தந்தாவ.” பிறகு அவரே தடுமாறினார். “நீங்க அங்கன இருக்கீய, நான் இங்கன இருக்கேன். இப்ப ஒங்கள என்னன்னு கூப்பிட?”

“என்ற பேரு மிருதுளாங்க.”

“பேரு தெரியும். வாயிலதான் வரல.” கொஞ்சம் பொறுத்து, “மிருதுளா” என்றார். அந்தக் குரலில் என் பேரைக் கேட்பதற்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

“இங்க ரெண்டு நாற்காலி கெடக்கே. வாரியம் நமக்கு ஒண்ணுதானே குடுத்துச்சு?” என்று கேட்டார்.

“தங்கச்சி வீட்டுல சும்மா கெடந்துச்சுங்க. ஆபீஸ்காரங்க வந்தா ஒளிச்சு வெச்சுக்குவேன்.”

“யாரு உக்கார?”

“நீங்கதான். காலைல பேசறப்ப எதுத்தாப்புல போட்டுக்குவனுங்க.”

அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அது கெடக்கட்டும்” என்றேன். “மீன் ஒத்துக்காதுன்னு எதுக்குங்க பொய் சொன்னீங்க?”

“உண்மையச் சொன்னா வேற ஆளப் போட்டிருப்பாவல்லா? முதல்ல வேல வேணும்னு சொன்னேன். பொறவு நீங்க வேணும்னு அப்படியே விட்டுட்டேன்.”

சட்டியின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே, “சரி, இப்பமே கெளம்புதேன்” என்றார்.

நானும் கிளம்பறனுங்க என்று வாய்வரை வந்துவிட்டது. கிளம்பியிருந்தால் திண்டுக்கல் பக்கத்தில் இன்னொரு தடவை ஒருவரையொருவர் கடந்து போயிருப்போம். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும்.

“இல்ல, நீங்க வாங்க. நான் இங்கயே இருந்துக்கிடுதேன். இங்க தண்ணி தேனா இருக்கு. காத்து குளுகுளுன்னு இருக்கு. காயும் மலிவு. எப்படிப் பாத்தாலும் ஒங்க ஊருதான் வாழ நல்ல ஊரு.”

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எங்கள் அளவுக்கு இந்த இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது. கணக்குப்படி கோயமுத்தூர்தான். ஆனால் என் கையில் அந்தச் சட்டி இருந்தது.

“ஏனுங்க, இத்தன வருசமா ரெண்டு ஊர் வித்தியாசத்தையும் நீங்க ஒருத்தரே செமந்துட்டு இருந்திருக்கீங்க. இனி கொஞ்சம் எனக்கும் குடுங்க. நான் இங்கயே இருக்கறனுங்க.”

“உப்புத் தண்ணி ஒங்களுக்கு ஆகாது.”

“பழகிக்கறனுங்க. வரும்போது அந்த ரெண்டாவது நாற்காலியத் தூக்கிட்டு வாங்க. இங்க ஒண்ணுதான் இருக்குது.”

போனை வைத்ததும் பிரிசில்லாவைக் கூட்டிக்கொண்டு மீன்கடைக்குப் போனேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்ற என்னைக் கண்டு கடைக்காரப் பெண் சிரித்தாள். குழம்பைப் பிரிசில்லாதான் அந்தச் சட்டியில் வைத்தாள். புளி கரைத்துக் கொடுத்தது மட்டும் நான். தூத்துக்குடியின் ஊர்ப்படியைப் பற்றியும் எனக்கு இனிக் கவலையில்லை. புதிதாக வருகிற துலாக்காரர் இந்தத் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்தால் போதும், படி தானாக ஏறிவிடும்.

எனக்குத்தான் சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. அவர் பயணம் செய்துகொண்டிருக்கும்போது நான் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது இதுவே முதல் தடவை. ஸ்டேஷனுக்காவது போய் நிற்கலாமே என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். போகவில்லை. நான் இந்த வீட்டில் இருக்கிறேன் என்று நம்பித்தான் அவர் வந்துகொண்டிருக்கிறார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டு வாசலுக்குப் போனேன். நரைத்த தலைக்கு மேல் நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்துகொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். வாசலில் நின்று என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். மீன் குழம்பின் வாசனை அவருக்கு எட்டியிருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது. நாற்காலியை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

“இத எங்கன போட?” என்று கேட்டார்.

“எதுத்தாப்புல போடுங்க” என்றேன்.